கோணல் பலகையும் நேராகும்



எங்கள் அம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு பலாமரம் நின்றது. நான் பிறப்பதற்கு முன்பே அம்மா நட்ட மரம். வேர் அரித்து வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கியதும் வெட்டத்தான் வேண்டும் என்று ஆயிற்று. பலாமரத்தை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் பல தடவை நடந்து, அனுமதி பெற்று, வெட்டி, ஆலையில் அறுத்து எடுத்தபோது என் பங்குக்கு நான்கு பலகைகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏழு அடி நீளம், பத்து அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. மஞ்சள் பூசிய மாதிரி நிறம்!

அவற்றைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுவந்து, வீட்டுத் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்த்து வைத்தேன். நான் செய்த முதல் தவறு அதுதான். ஒக்டோபர், நவம்பர் மழை ஒரு பக்கமாக நனைத்தது. பெப்ரவரி வெயில் மறுபக்கமாகக் காய்ச்சியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நான்கும் நான்கு விதமாகக் கோணிப் போயிருந்தன.

மகள் அந்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் எழுதுவாள். ஒரு மேசை செய்ய வேண்டும். கடையில் விசாரித்த விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. சரி, பலகைதான் இருக்கிறதே என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு, இயந்திரச் சீவுளி வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். பத்து நிமிட வேலை. பலகை பளபளவென்று வெளியே வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தால், முன்பு ஆடிய அதே ஆட்டம்! ஒன்றேகால் அங்குலப் பலகை அரை அங்குலமாகிவிட்டது. கோணல் மட்டும் போகவில்லை. அம்மாவின் மரத்தில் கால்வாசி மரத்தூளாகப் போனதே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் வீதியில் இருக்கும் வயதான தச்சுப் பாஸிடம் அதைக் காட்டினேன். (நமது மலையகத்தில் மேசனையும் தச்சனையும் ‘பாஸ்’ என்கிறோமே, அது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல்.) அவர் பலகையின் ஒரு முனையைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

“மெசினுக்குள்ள உருளை இருக்கு புள்ள. அது பலகைய அமுக்கிப் பிடிச்சு நேராக்கும், கத்தி மேலால சீவும். வெளியில வந்ததும் பலகை பழைய மாதிரி நிமிந்துக்கும். ஒரு பக்கத்த முதல்ல கையால மட்டமாக்கிட்டுக் குடுத்திருந்தா, மத்தப் பக்கத்த மெசின் சரியா எடுத்திருக்கும்.”

“கையாலயா? அதுக்குப் பலம் வேணுமே பாஸ் ஐயா” என்றேன்.

“பலமில்ல, பார்வை வேணும். மிச்சப் பலகைய நீங்களே செய்யுங்க, நான் சொல்லித் தாறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு நான் எழுதப்போவது பால பாடம். எங்களைப் போன்ற இல்லத்தரசிகளுக்கு யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பலகை ஏன் கோணுகிறது?

மரம் காயும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. குறுக்கு வெட்டில் தெரியும் வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிக மிகக் குறைவு. அதனால் பட்டை இருந்த பக்கம் கிண்ணம் போலக் குழியும், வைரப் பக்கம் மேடாகும். இது ஒரு வகை. வில்லைப் போல நீளவாக்கில் வளைவது இன்னொரு வகை. நான்கு மூலைகளில் எதிரெதிர் மூலை இரண்டு தூக்கி நிற்பது முறுக்கு. இருப்பதில் பொல்லாதது இந்த முறுக்குத்தான்.

மரத்துக்கு மரமும் வேறுபடும். சப்பும் மஹோகனியும் சொன்னபடி கேட்கும். தோட்டங்களில் ‘டர்பன்டைன்’ என்று சொல்லும் யூக்கலிப்டஸ் பலகை காயும்போது கண்டபடி முறுகும். பலா இரண்டுக்கும் நடுவில். ஆனால் அதன் நார் சில இடங்களில் திசை மாறி ஓடும். அங்கே சீவுளி மரத்தைப் பிய்க்கும், அவதானம் வேண்டும்.

என்னைப் போலச் சுவரில் சாய்க்காமல், தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை இரண்டடிக்கு ஒரு சட்டம் குறுக்கே கொடுத்து, சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி அடுக்கி, மேலே கல்லைப் பாரம் வைத்து, நிழலில் காய வைத்திருந்தால் பாதிக் கோணல் வந்தேயிராது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பலகையின் இரு முனைகளிலும் பெயின்ட் பூசிவிட்டால் வெடிப்பும் குறையும்.

முதலில் அறுங்கள், பிறகு சீவுங்கள்

நான் சீவுளியை எடுத்ததும் பாஸ் தடுத்தார். “மேசைக்கு எத்தன அடி வேணும்?” மூன்றரை அடி போதும் என்றேன். “அப்ப ஏழடியையும் ஏன் சீவுறீங்க?”

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஏழடிப் பலகை நடுவில் ஓர் அங்குலம் வளைந்திருந்தது. அதை முழு நீளத்துக்கும் மட்டமாக்கினால் அந்த ஓர் அங்குலமும் சீவலாகப் போய்விடும். கையில் மிஞ்சுவது கால் அங்குலம். அதையே நடுவில் இரண்டாக அறுத்துவிட்டால் ஒவ்வொரு துண்டிலும் வளைவு கால் அங்குலம்தான். நீளம் பாதியானால் வளைவு கால்வாசி ஆகும். மிகவும் குழிந்த அகலப் பலகையானால் நீளவாக்கிலும் இரண்டாகக் கிழித்து, தனித்தனியே மட்டமாக்கி, மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். துணி வெட்டுமுன் அளவெடுப்பவர்கள்தானே நாங்கள், இது புரியாதா!

எனக்குத் தேவைப்பட்டவை: ஒரு சீவுளி (பாஸினுடையது, இரவல்), நேரான இரண்டு சட்டங்கள், சோக்கட்டி, சில ஆப்புகள், வேலை செய்ய ஒரு பழைய வாங்கு. சீவுளி அலகைத் தீட்டுவதற்கு ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சாண்ட் பேப்பரை விரித்துக்கொண்டோம். கையிலுள்ள கடதாசியைப் பிடிமானமில்லாமல் அறுக்கும் அளவுக்குக் கூர் வரவேண்டும். மொட்டை அலகுடன் மல்லுக்கட்டும்போதுதான் பலம் தேவைப்படுகிறது. கூரான அலகுக்கு அவ்வளவு தேவையில்லை.

இன்னொன்று. சீவுமுன் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அம்மா துணிக்கொடி கட்ட அடித்த ஆணி எந்தக் காலத்திலோ மரத்துக்குள் போய் மறைந்திருந்தது. முதல் நாளே அலகில் ஒரு பல் விழுந்தது. பாஸ் திட்டவில்லை, மறுபடி தீட்டச் சொன்னார்.

இரண்டு சட்டங்களின் சாட்சி

முறுக்கைக் கண்டுபிடிக்க ஒரே அகலமுள்ள இரண்டு நேரான சட்டங்கள் போதும். ஒன்றுக்குக் கறுப்பு நிறம் பூசிக்கொண்டால் பார்ப்பது எளிது. பலகையின் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாகக் குறுக்கே வைத்து, குனிந்து, ஒற்றைக் கண்ணால் முன்சட்டத்தின் மேல் விளிம்பு வழியாகப் பின்சட்டத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றாகத் தெரிந்தால் முறுக்கில்லை. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கித் தெரிந்தால், ஏறியிருக்கும் மூலைதான் குற்றவாளி. பலகையின் சிறு கோணலையும் சட்டத்தின் நீளம் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

சட்டம் நேரானதா என்று எப்படித் தெரியும்? அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். சட்டத்தைப் புரட்டி, அதே இரண்டு முனைப் புள்ளிகளில் வைத்து, அதே விளிம்பால் மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றானால் சட்டம் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால் சட்டமே கோணல்!

இதை எழுதும்போது எம்பெக்க தேவாலயம் நினைவுக்கு வருகிறது. மகளின் வகுப்புப் பிள்ளைகளோடு ஒருமுறை உடுநுவரப் பக்கம் போயிருந்தேன். 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்துக் கோயில் அது. எல்லோரும் மரத்தூண்களில் அன்னத்தையும் மல்லரையும் தேடிக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அவற்றை ஒரே ஒரு பெரிய மர ஆப்பு பிடித்து வைத்திருக்கிறது. சிங்களத்தில் அதற்கு ‘மடொல் குருபாவ’ என்று பெயர். அன்று அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். பலகையோடு பத்து நாள் போராடிய பிறகுதான், மின்சாரமும் இயந்திரமும் இல்லாத காலத்தில் 26 மரங்களையும் ஓர் இடத்தில் பொருந்தச் செதுக்க என்ன பார்வை வேண்டியிருக்கும் என்று உறைத்தது.

சீவும் விதம்

பலகையின் குழிந்த பக்கத்தை மேலே வைத்து, கீழே ஆடும் இடங்களில் ஆப்புச் செருகுங்கள். பலகை அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் அமுக்கி வளைக்கக் கூடாது. வளைத்துப் பிடித்தால் பட்டறையில் நடந்த கதைதான்.

முதலில் நீளவாக்கில் சீவக்கூடாது. குறுக்கே சீவ வேண்டும். குறுக்கே போகும்போது சீவுளி இலகுவாக மரத்தை எடுக்கும், உயர்ந்து நிற்கும் இரு ஓரங்களும் சீக்கிரம் இறங்கும். சீவுளி வெளியேறும் ஓரம் சிம்பு பெயராதிருக்க, அந்த விளிம்பை முதலே சற்றுச் சரித்துச் சீவிவிடுங்கள். முறுக்கு இருந்தால் உயர்ந்த மூலையிலிருந்து எதிர்த்த உயர்ந்த மூலைக்கு மூலைவிட்டமாகச் சீவுங்கள். நாலைந்து முறை தள்ளியதும் நிறுத்தி, சட்டங்களை வைத்துப் பாருங்கள். வேலையில் பாதி நேரம் பார்ப்பதற்கே போகும். அது வீண் நேரமில்லை.

பிறகு சட்டத்தின் விளிம்பில் சோக் தடவி, பலகை மேல் வைத்து இழுங்கள். சோக் ஒட்டும் இடம் மேடு. அதை மட்டும் சீவுங்கள். தோசைக்கல்லின் மேடு பள்ளம் எண்ணெய் விட்டதும் தெரிவது போலத்தான். கடைசியாக, நாரின் போக்கில் நீளவாக்கில், மெல்லிய சீவலாக எடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் சீவல் சுருண்டு வந்தபோது மகள் அதைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டாள்.

ஒரு பக்கம் மட்டமானதும், அந்தப் பக்கத்திலிருந்து அளந்து நான்கு ஓரங்களிலும் தடிப்புக் கோடு போட்டு, மறுபக்கத்தை அந்தக் கோடு வரை இறக்க வேண்டும். இதைப் பட்டறையில் கொடுத்தும் செய்விக்கலாம், இப்போது இயந்திரம் ஏமாற்றாது. நான் பிடிவாதமாகக் கையாலேயே செய்தேன். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக மிஞ்சியது. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு சீவுவது நல்லது. இரவில் பலகையைத் தரையோடு படுக்கப் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் காலையில் மறுபடி குழிந்திருக்கும். ஓரத்தில் நிறுத்தி, இரு பக்கமும் காற்றுப் பட விடுங்கள்.

இரண்டு துண்டுகளையும் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. புத்தகத்தை மூடுவது போல இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, ஒட்ட வேண்டிய இரண்டு விளிம்புகளையும் ஒன்றாகச் சீவுங்கள். சீவுளி ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருந்தாலும், புத்தகத்தைத் திறப்பது போல விரிக்கும்போது ஒன்றின் சரிவை மற்றது ஈடுசெய்துவிடும். நடுவில் வெளிச்சம் தெரியாமல் பொருந்தும். அதன்பின் மரப்பசை பூசி, இரு பக்கமும் சட்டம் அடித்து, ஆப்புச் செருகி இறுக்கி, ஒரு நாள் விட்டோம்.

சிலர் குழிந்த பலகையை, குழிந்த பக்கம் கீழே இருக்க, ஈரப் புல்லின்மேல் வெயிலில் வைத்து நேராக்குவார்கள். கீழ்ப்பக்கம் ஈரத்தில் ஊதும், மேல்பக்கம் காயும், பலகை நிமிரும். உண்மைதான், நானும் செய்து பார்த்தேன், அரை நாளில் நிமிர்ந்தது. ஒரு வாரத்தில் பழையபடி குழிந்தது. உடனே சட்டத்தில் ஆணியடித்துவிடும் சிறு பலகைகளுக்கு அது பரவாயில்லை. முறுக்குக்கு உதவாது.

மேல்பலகை இற்றுப்போன பழைய மேசை ஒன்றின் கால்கள் வீட்டில் கிடந்தன. அதன்மேல் பொருத்தினோம். ஒரு மூலை ஆடியது! பதறிப்போய்ச் சட்டங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். பலகை மட்டமாகவே இருந்தது. எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரைதான் பள்ளம். காலுக்கடியில் ஒரு காட்போட் துண்டு மடித்து வைத்தேன்.

மகள் அந்த மேசையிலேயே படித்துப் பரீட்சை எழுதினாள். மஞ்சளாக இருந்த பலகை இப்போது தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டு வருகிறது. மிச்சமுள்ள இரண்டு பலகைகளையும் தாழ்வாரத்திலிருந்து எடுத்து, சட்டம் கொடுத்து, கல் வைத்து அடுக்கியிருக்கிறேன். தங்கை சமையலறைக்கு ஒரு தட்டுக் கேட்கிறாள். மழை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.