வாடைக்கு முன் வீடு

திருகோணமலையிற் பிறந்து வளர்ந்தோருக்கு மழையைப்பற்றி எடுத்துரைத்தல் வேண்டாம். ஆயினும், மழை ஓய்ந்து தை பிறந்து முற்றத்து மணலும் உலர்ந்த பின்னர், வீட்டுச் சுவர் மட்டும் உலராது நிற்பதேன் என்ற வினாவிற்கு நம்மிற் பலர் விடை தேடியதில்லை. வெள்ளை பூசுகின்றோம், மறு ஆண்டு அதே இடத்தில் அதே கறை தோன்றுகின்றது. மீண்டும் பூசுகின்றோம். அந்தக் கறை எங்கிருந்து வருகின்றது என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

எமது நகரில் ஆண்டொன்றிற்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதிற் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று திங்களில் வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிடுகின்றது. நூறு சதுர மீற்றர் பரப்புள்ள கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யின், அதனின்று வழியும் நீர் 10,000 லீற்றராகும். பீலி உடைந்த வீட்டில் அவ்வளவு நீரும் அத்திவாரத்தின் காலடியிலேயே விழுகின்றது. முற்றம் சுவரைநோக்கிச் சரிந்திருப்பின் அங்கேயே தேங்கியும் நிற்கின்றது.

செங்கல்லும் சாந்தும் விளக்குத் திரி போன்றவை. திரி எண்ணெயை மேலே ஏற்றுவதுபோல, அவையும் தம்முள்ளிருக்கும் நுண்டுளைகளின் வழியே நிலத்து நீரை ஏற்றுகின்றன. ஒருபால் உட்டுறைமுகமும் மறுபால் விரிகுடாவும் சூழ்ந்த இவ்வூரில் அந்நீர் தனியே வருவதில்லை. உப்பையும் உடன் கொணர்கின்றது. கடற்காற்றும் சுவரில் உப்பைத் தூவுகின்றது. கழுவாத கடல்மணலைச் சாந்திற் கலந்து கட்டிய வீடாயின் உப்பு முதல் நாளே குடிபுகுந்துவிட்டது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. பூச்சின் அடியிலே பளிங்குகளாக உறைந்து, பருத்து, பூச்சினை வெளியே தள்ளும். நாம் ‘உப்புப் பூத்தல்’ என்பது இதனையே. இவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கவல்லது. அதனாலேதான் மழையில்லாத நாளிலும் சுவர் வியர்க்கின்றது.

நாமும் இவ்விடயத்திற் பிழை செய்தவரே. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய எமது பழைய வீட்டின் கீழ்ச்சுவரிற் கறை கண்டு, மேசன் சொற்கேட்டு, மூன்றடி உயரத்திற்குச் சீமெந்து பூசினோம். சுவர் கண்ணாடிபோல் விளங்கிற்று. இரண்டு மாரி கழிந்தபின் கறை நாலடி உயரத்திற் தோன்றிற்று! சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சோ அதனை அடைத்துவிடும். வெளியேற வழியற்ற ஈரம் மேலே ஏறாமல் என் செய்யும்? பின்னர் அப்பூச்சினை முற்றாகக் கொத்தியெடுத்து, கச்சான் வீசிய மாதங்களில் வெறுஞ் சுவரை உலரவிட்டு, மீளச் சுண்ணாம்பே பூசினோம். இரட்டைச் செலவு.

கறையை வாசிக்கப் பழகுதல் வேண்டும். நிலத்தினின்று ஏறிய ஈரம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நீண்ட வரியாக நிற்கும். யன்னலின் கீழே முக்கோணமாக இறங்குவது தூவானத்தின் வேலை. சுவரின் உச்சியிலிருந்து ஒழுகிய கோடு ஓட்டையோ பீலியையோ குற்றஞ்சாட்டுகின்றது. குளியலறைக்கு அடுத்த சுவரில், கோடையிலும் மாறாது நிற்கும் ஈரம் குழாய்க் கசிவென்பதிற் பெரிதும் ஐயமில்லை. நோயறியாது மருந்திடுவது வீண்.

தட்டையான கொங்கிறீற்றுக் கூரையின் கேடு வேறு வகையினது. அதில் நீர் தேங்குமாயின், மயிரளவான வெடிப்பின் வழியே உப்பு நீர் உள்ளிறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு தான் தோன்றிய இரும்பினும் பன்மடங்கு இடம் கொள்வதாதலின், கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். அடித்தளத்திற் பழுப்புக் கறையைக் கண்டதும் பூசி மறைப்போர் நோயை வளர்ப்போரே. பெயர்ந்ததை நீக்கிக் கம்பியைச் சுரண்டித் துப்புரவாக்கிய பின்னரே அடைத்தல் தகும். நீர் வடியும் சரிவும் அமைத்தல் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் உரிய காலம் கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலான காலமே. அக்காற்று சுவரை உலர்த்தும். ஆனால் ஓட்டையும் அசைக்கும். ஆதலின் புரட்டாதியில் ஒருவரைக் கூரைமேல் ஏற்றி, நழுவிய ஓடுகளையும் முகட்டோட்டுச் சாந்தினையும் பார்ப்பித்தல் வேண்டும். பீலியிற் சேர்ந்த வேப்பஞ் சருகினை அள்ளுவதும் அன்றே நடக்கட்டும். சுவரை அடுத்த பத்தடி நிலம் ஆறங்குலமாவது வெளிப்புறம் சரிந்திருத்தல் நன்று. பூம்பாத்திக்கென்றும் முற்றத்திற்கென்றும் ஆண்டுதோறும் மண் கொட்டி, சுவரின் ஈரத்தடுப்புப் படைக்கு மேலே நிலத்தை உயர்த்திவிடும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அது சுவருக்கு நாமே ஏணி வைத்துக் கொடுப்பதாகும்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்கு முறை வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகற் பகுதிகளை மூழ்கடித்ததை யாம் மறந்திலோம். நீர் வடிந்ததும் மின் தொடர்பைத் துண்டித்த பின்னரே உட்புகுக. சேற்றைக் கழுவி, கதவு யன்னல்களைத் திறந்து வைக்க. சுவர் உள்ளும் உலருமுன் வர்ணம் பூசற்க. உலர்வதற்கு மாதங்கள் செல்லும்.

இறுதியாக, கடல் கடந்து வாழும் பழைய மாணவருக்கு ஒரு சொல். போர்க்காலத்திற் பூட்டிச் சென்ற வீடுகள் எத்தனையோ. எம் வகுப்புத் தோழர் ஒருவர் நெடுங்காலத்தின்பின் திரும்பித் தம் வீட்டைத் திறந்தார். ஓரோடு நழுவியிருந்தது. அவ்வழி இறங்கிய நீர் சலாகையை உளுக்கச் செய்து, பின்னர் வளையையும் வீழ்த்தி, அறையொன்றை வெளியாக்கியிருந்தது. சுவரோடு ஒட்டிவைத்த தகரப் பெட்டியினுள் காணி உறுதியும், தந்தையாரின் படமும், கல்லூரி அளித்த சான்றிதழும் ஒரே பாளமாய் ஒட்டிக் கிடந்தன. பிரித்தெடுக்க முயன்றபோது எழுத்து மறுதாளோடு போயிற்று. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறலாம், படத்திற்குப் பிரதியேது?

ஆகையால், வீட்டின் திறப்பை வைத்திருப்பவருக்கு இவ்வாண்டு ஆவணிக்குள் எழுதுக: கிழமைக்கொருமுறை யன்னல்களைத் திறந்துவிடுமாறும், புரட்டாதியில் ஓடு பார்ப்பிக்குமாறும், பெட்டிகளைச் சுவரினின்று ஒரு முழம் விலக்கிக் கட்டைமேல் வைக்குமாறும். கூலியையும் உடன் அனுப்புக.