கச்சான் ஓயும்போது வளவைக் கொஞ்சம் விடுங்கள்

செப்டெம்பர் முதல் வாரம் நடுப்பகலில் கல்முனையில் ஒரு முற்றத்தில் நின்றால் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடக்கும். ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் 7 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுத்துத் தெற்கே நகர்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து வீசிய கச்சான் காற்று இன்னும் முழுதாக ஓயவில்லை. தென்னோலை நுனி கருகி, கத்தரிச் செடி பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போடும் காலம் இது.

இந்த வெயிலில்தான் எங்கள் உம்மா மிகக் கடுமையாக வேலை செய்வார். சுபஹ் தொழுதுவிட்டு முற்றம் கூட்டத் தொடங்கினால் கொல்லை மூலை வரைக்கும் ஓர் இலை மிஞ்சாது. கூட்டியதைக் குவித்து நெருப்பு வைப்பார். பிறகு கிணற்றடிக்குப் போவார். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். காலையில் மட்டும் 32 வாளி. அறுபது வயது தாண்டிய, முழங்கால் நோவுள்ள ஒருவருக்கு இது சின்ன வேலை இல்லை.

"கொஞ்ச நாளைக்கு விடுங்கம்மா, மழை வரத்தானே போகுது" என்றேன்.

"குப்பையும் கூளமுமாக் கிடந்தா ஆளில்லாத வளவு எண்டுதான் நினைப்பாங்க மனே" என்றார்.

இந்தப் பதிலில் தோட்டத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. இதை வாசிக்கும் பலருக்கு அது விளங்கும். 1990இலும் அதற்குப் பிறகும் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு பயங்களோடு வீடுகளை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல், கிணற்றில் செத்த பிராணி, ஓடு இல்லாத கூரை. வீட்டைத் திருத்தப் பணம் இல்லாதவர்களும் முதல் நாளே செய்த வேலை முற்றம் கூட்டியதுதான். வன்னியில் 2009க்குப் பிறகு காணிக்குத் திரும்பியவர்களும் அதைத்தான் செய்தார்கள். கூட்டிய முற்றம் என்றால் 'நாங்கள் வந்துவிட்டோம், இது எங்கள் வளவு' என்று ஊருக்குச் சொல்வது.

அதனால் உம்மாவின் விளக்குமாற்றை நான் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் கல்முனையின் மணலுக்கும் கிணற்றுக்கும் வேறொரு கணக்கு இருக்கிறது. கோடை முடியும் இந்த ஐந்தாறு வாரங்களில் நாம் செய்யும் பல வேலைகள் அந்தக் கணக்குக்கு எதிரானவை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

உப்பின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீர்

கிழக்கே கடல், மேற்கே கரவாகு வயல்கள், நடுவில் ஒடுங்கிய மணல் மேடு. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று வீடுகள் நெருங்கிக் கிடப்பது இந்த மேட்டில்தான். ஆறோ குளமோ இல்லாத இந்த மேட்டில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் வருகிறது. அது முழுக்க மழைத்தண்ணீர். மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது.

மிதப்பதற்குக் காரணம் எடை. ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால், ஒரு லீற்றர் கடல்நீர் அதைவிடச் சுமார் 25 கிராம் கூட. இந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து வரும் கணக்கு பெரியது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நல்ல தண்ணீர் ஒரு அடி என்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்க முடியும். மாறாக, மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் உவர் கீழிருந்து 40 அடி ஏறப் பார்க்கும். உண்மையான மண்ணில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடக்காது. ஆனால் போகும் திசை இதுதான்.

அந்த மேல்மட்டம் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து நிற்பது செப்டெம்பரில். இந்தக் கரைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையிலான நான்கு மாதங்களில் விழுந்துவிடுகிறது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எப்போதாவது ஒரு இடிமழை. ஆகவே கோடைக் கடைசியில் மோட்டரைப் போட்டு மணிக்கணக்காக இறைக்கும்போது, அந்த மெல்லிய படையில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு உவரை மேலே கூப்பிடுகிறோம். மோட்டர்க் குழாய் கிணற்றின் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. வாளி மேலிருந்து கோருகிறது. பழைய ஆட்களின் வாளி கிணற்றைக் காப்பாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் வந்துபோன பிறகு கற்றது

2004 டிசெம்பர் 26 அன்று இலங்கையில் கடல் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கும் மேல். அப்போது நான் பாடசாலைப் பிள்ளை. இறந்தவர்களை அடக்கிய பிறகு, உயிரோடு இருந்தவர்களின் முதல் கேள்வி தண்ணீர். கரையோரக் கிணறுகள் எல்லாவற்றிலும் கடல்நீரும் சேறும்.

உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு கிணறுகளை இறைத்தார்கள். உப்புப் போகவில்லை. மீண்டும் இறைத்தார்கள். எங்கள் மூத்தம்மாவின் கிணற்றை மூன்று முறை வற்ற இறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஊறி வந்தது உவர். கிழக்குக் கரையின் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதையே எழுதினார்கள்: உப்பைக் கழுவி இறக்கியது பருவமழைதான், திரும்பத் திரும்ப இறைப்பதால் பெரிய பலன் இல்லை. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவரை மேலே இழுக்கும் ஆபத்தும் உண்டு.

அந்த நாட்களில் சும்மா இருப்பது யாராலும் முடியாத காரியம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் 'கிணற்றை விடு, மழை பார்த்துக்கொள்ளும்' என்று எப்படிச் சொல்வது? எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் அந்த நாள் கழியும். ஆனால் அடுத்தடுத்த மாரிகளில் மூத்தம்மாவின் கிணறு மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் உடுப்புத் துவைக்க, பிறகு மரத்துக்கு, கடைசியில் வாயில் வைக்க.

தப்பான மாதத்தில் தொடங்கிய தோட்டங்கள்

2022 ஜூனில், பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதம் விடுமுறை கொடுத்தது அரசு. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றது. தெற்கிலும் மேற்கிலும் அது மழை கிடைக்கும் பருவம். எங்களுக்கோ அது கச்சானின் நடுப்பகுதி. கல்முனையில் ஜூனில் நட்ட மிளகாயும் வெண்டியும் ஓகஸ்டில் கருகின. எனக்குத் தெரிந்த பலர் 'எங்களுக்குக் கைராசி இல்லை' என்று அத்தோடு விட்டுவிட்டார்கள்.

பிழை கையில் இல்லை. கொழும்பின் நாட்காட்டியை வைத்துக் கிழக்கின் மணலில் நட்டால் வரும் விளைவு அது. இந்தக் கரையின் தோட்டம் ஒக்டோபரில் தொடங்குகிறது, வயலில் பெரும்போகம் விதைக்கும் அதே நேரத்தில். செப்டெம்பர் அதற்கு முந்திய ஓய்வு. மண்ணுக்கும், உங்கள் முழங்காலுக்கும்.

எதை விடலாம்?

*இலை எரிப்பதை விடுங்கள்.* மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதில் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைப்பது மக்கிய இலையும் ஓலையும்தான். அதை எரித்துவிட்டு உரம் வாங்குவது வீண் செலவு. 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்றபோது அந்தச் செலவு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. வாசலும் நடைபாதையும் கூட்டுங்கள். கூட்டியதைத் தென்னை, மா, கொய்யா மரங்களின் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். மரத்தின் அடியோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிப் பரப்ப வேண்டும்.

*பெரிய மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதை விடுங்கள்.* ஐந்தாறு வருடம் கடந்த மரத்தின் வேர் ஈரத்தைத் தேடி இறங்கியிருக்கும். தேசி, மா போன்றவை கொஞ்சம் காய்ந்த பிறகுதான் நன்றாகப் பூக்கும். செப்டெம்பரில் தேசிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டால், முதல் மழைக்குப் பிறகு வரும் தளிரோடு பூவும் வரும்.

*சின்னச் செடிகளுக்குத் தினமும் தெளிப்பதை விடுங்கள்.* நாளுக்கு இரண்டு முறை மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், ஒரு நாள் தவறினாலும் செடி வாடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, பின்னேரத்தில், அடியில் ஆழமாக ஊற்றுங்கள். சுற்றிலும் பொச்சுமட்டை அடுக்கினால் ஈரம் இன்னும் நிற்கும்.

*உரம் போடுவதை விடுங்கள்.* மழைக்கு முன் மணலில் போட்ட யூரியா முதல் பெருமழையோடு கீழே இறங்கும். இறங்குவது உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான். நைத்திரேற்று கூடிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் அது போகாது. மழை நிதானமான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம்.

*காய்ந்து முடிந்த செடிகளைக் காப்பாற்றுவதை விடுங்கள்.* பயிற்றை, வெண்டி முற்றினால் விதைக்கு நாலு காய் விட்டுவிட்டு, செடியை வெட்டி அந்த இடத்திலேயே போடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம். பயிற்றையின் வேர் மண்ணுக்குள் கிடந்தால் அடுத்த பயிருக்குச் சத்து.

எதை விடக்கூடாது?

முதலாவது, தண்ணீர் தேங்கும் சாமான்கள். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குத் தொற்று பதிவானது. எங்கள் பக்கத்தில் டெங்கு மாரியோடுதான் வரும். மரத்தடி இலையில் நுளம்பு முட்டையிடுவதில்லை, தண்ணீர் நிற்கும் சிரட்டையில்தான் இடும். கூட்டும் கையால் இலையை விட்டுவிட்டுச் சிரட்டையைப் பொறுக்குங்கள்.

இரண்டாவது, கூரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் நிற்கும் கிளைகள். முருங்கைக் கிளை சடக்கென்று முறியும். 1978 நவம்பர் சூறாவளியில் கிழக்கின் தென்னந்தோட்டங்கள் எப்படிச் சாய்ந்தன என்பதை வயதானவர்களிடம் கேளுங்கள். காற்று மாறுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, நாற்று. மிளகாய், கத்தரி விதையை செப்டெம்பர் நடுவில் நிழலான இடத்தில் ஒரு பழைய பெட்டியில் போட்டால், ஒக்டோபர் மழைக்கு நாற்று ஆயத்தமாக இருக்கும். பெட்டிக்குத் தினமும் ஒரு செம்புத் தண்ணீர் போதும். மழைநீர் நிற்கும் பள்ளமான வளவு என்றால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள்.

வளவே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரத்தில் குடியிருக்கக் கூடாது என்று ஒதுக்கிய எல்லையின் அளவே மருதமுனையில் ஒரு குடியிருப்புக்குப் பெயராகிவிட்டது: 65 மீற்றர் வீட்டுத்திட்டம். தென்னையும் கிணறும் இருந்த வளவுகளிலிருந்து சின்னக் காணிகளுக்கும் மாடி வீடுகளுக்கும் போனவர்கள் இன்று வாளியிலும் சாக்கிலும் செடி வளர்க்கிறார்கள். சாக்கில் இருக்கும் செடிக்கு மட்டும் தண்ணீரைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதன் வேருக்கு இறங்கிப் போக இடம் இல்லை. சாக்குகளை நெருக்கி நிழலுக்கு நகர்த்துவதுதான் அங்கே செய்யக்கூடிய சலுகை.

உம்மாவோடு நான் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். றோட்டிலிருந்து தெரியும் முன்முற்றம் அவருடையது, விரும்பியபடி கூட்டலாம். பின்வளவில் ஐந்து தென்னைக்கும் தேசிக்கும் கீழே விழுந்தது விழுந்தபடி கிடக்கும், நெருப்பு இல்லை. முதல் கிழமை முழுவதும் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தார். இரண்டாம் கிழமை மட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, "கீழ ஈரமாத்தான் கிடக்கு" என்றார். இப்போது காலையில் 12 வாளிதான். மிச்ச நேரத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அக்காவோடு மழை எப்போது என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்.