வயிற்றுக்குள் ஒரு காமிரா

கன்னத்தில் ஒரு சிறு கொப்புளம் கிளம்பினால் உடனே கண்ணாடியில் பார்த்துவிடுகிறோம். அதே அளவு புண் ஒன்று இரைப்பையின் உட்சுவரில் தோன்றினால் என்ன ஆகும்? பல சமயங்களில் ஒன்றுமே தெரியாது. வலி இராது, பசியும் குறையாது. அது புற்றுநோயின் தொடக்கமாக இருந்தால், அறிகுறிகள் தென்படும்போது காலம் கடந்திருக்கும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எலும்பைக் காட்டும் அளவுக்கு எக்ஸ்ரே இரைப்பையைக் காட்டுவதில்லை. அதனால் நோயாளிக்குப் பேரியம் உப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அதன் நிழலைப் படம் பிடிப்பார்கள். பள்ளமும் மேடும் நிழலில் தெரியும். ஆனால் சுவரோடு சுவராகத் தட்டையாக இருக்கும் சிறு புண்ணோ, அதன் நிற மாற்றமோ நிழலில் எப்படித் தெரியும்?

நேராகவே உள்ளே பார்த்துவிடலாம் என்று 1868-இல் துணிந்தவர் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால். வளையாத உலோகக் குழாயை விழுங்க யார் முன்வருவார்கள்? அவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார்! குழாய் உள்ளே போய்விட்டது. ஆனால் விளக்கின் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. குழாய் வளைய வேண்டும், உள்ளே வெளிச்சம் வேண்டும் என்ற இந்த இரண்டு சிக்கல்களும் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாகத் தீரவில்லை.

இனி ஜப்பானுக்குப் போவோம். போரில் நொறுங்கிய அந்த நாட்டில், புற்றுநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இரைப்பைப் புற்றுநோய்தான். 1949-இல் தோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த தாத்சுரோ உஜி என்ற இளம் அறுவை மருத்துவர் ஒலிம்பஸ் நிறுவனத்தாரிடம் ஒரு கோரிக்கை வைத்தார். இரைப்பைக்குள் போய்ப் படம் எடுத்துவரும் காமிரா ஒன்றைச் செய்து தர முடியுமா என்பதே அது.

ஒலிம்பஸ் 1919-இல் நுண்ணோக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். 1936-இல் காமிராவும் செய்யத் தொடங்கியது. கடுகளவு லென்சைத் தேய்க்கத் தெரிந்தவர்களும், பிலிம் சுருளை ஓட்டத் தெரிந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பொறியாளர் முத்சுவோ சுகியூராவும் அவருடைய தோழர் மசஹாரு ஃபுகாவுமியும் உஜியுடன் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள்.

காமிராவில் என்னென்ன உண்டு? லென்ஸ், பிலிம், இருட்டில் எடுப்பதானால் விளக்கு. இவை அத்தனையும் தொண்டை வழியே நுழையும் ஒரு ரப்பர்க் குழாயின் நுனிக்குள் அடங்க வேண்டும்.

முதலில் லென்சைப் பார்ப்போம். சாதாரணக் காமிரா லென்சின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரைப்பையின் சுவரோ 30 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது. பொருள் குவியத்துக்கும் லென்சுக்கும் நடுவே வந்துவிட்டால் மெய்பிம்பமே விழாது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆகவே அந்த லென்ஸ் இங்கே உதவாது. சரி, குவியத் தூரம் 3 மில்லிமீட்டர் உள்ள லென்சை எடுத்துக் கொள்வோம். பொருள் 30 மில்லிமீட்டரில் இருந்தால் பிம்பம் 3.33 மில்லிமீட்டரில் விழும். பொருள் 60 மில்லிமீட்டருக்கு விலகினால் பிம்பம் 3.16 மில்லிமீட்டரில் விழும். லென்ஸ் சூத்திரத்தில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பிலிமை அசைக்காமலே பக்கத்தில் இருப்பதும் தள்ளி இருப்பதும் ஓரளவு தெளிவாக விழுந்துவிடும். வயிற்றுக்குள் போன காமிராவின் லென்சை யாராலும் திருகிச் சரிசெய்ய முடியாது அல்லவா? சிறிய லென்ஸ் அந்தத் தொல்லையே இல்லாமல் செய்துவிட்டது.

பிலிமை சுமார் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி நுனிக்குள் வைத்தார்கள். குழாய் வழியே வரும் மெல்லிய கம்பியை வெளியிலிருந்து இழுத்தால் பிலிம் ஒரு படம் நகரும். ஒளிக்கு அரிசிமணி போன்ற பல்பு. அதன் இழையை ஒரு கணம் மட்டும் மிகப் பிரகாசமாக எரிய விட்டார்கள். படத்துக்கு அந்த ஒளி போதும். அவ்வளவு குறுகிய நேரத்தில் இரைப்பைச் சுவர் சுட்டுப் போகாது. இரைப்பை காலிப் பை போலச் சுருங்கிக் கிடப்பதால் காற்றைச் செலுத்தி விரிக்கவும் வேண்டியிருந்தது.

1950-இல் முதல் மாதிரி உருவாயிற்று. 1952-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. காமிரா எதைப் பார்க்கிறது என்று மருத்துவருக்குத் தெரியாது! அறையை இருட்டாக்கிவிட்டு, பல்பு மின்னும்போது வயிற்றின் மேல்தோல் வழியே மங்கலாகத் தெரியும் ஒளியைக் கொண்டு நுனி எங்கே இருக்கிறது என்று ஊகிப்பார்கள். குழாயைச் சிறிது திருப்பி இன்னொரு படம், மேலும் திருப்பி வேறொரு படம் என்று எடுத்துக்கொண்டே போய், பிலிமைக் கழுவிய பிறகுதான் விடை தெரியும். அப்படி இருந்தும் 1955-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கென்றே ஓர் ஆய்வுக் கழகம் அமைத்து, படங்களை ஒப்பிட்டுப் பழகினார்கள். தொடக்க நிலைப் புற்றுநோய் என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று 1962-இல் வகைப்படுத்தவும் செய்தார்கள். அந்த நிலையில் கண்டு அகற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்து விடுகிறார்கள். கருவியைப் போலவே இந்த வகைப்பாடும் உயிர்காத்தது.

குருட்டுக் காமிராவுக்குக் கண் கிடைத்தது கண்ணாடி இழையால். வளைந்த கண்ணாடி இழைக்குள் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் சுவருக்குச் சுவர் மோதி மறுமுனைக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான இழைகளை இரு முனையிலும் ஒரே வரிசையில் அடுக்கிக் கட்டினால், ஓர் இழைக்கு ஒரு புள்ளியாகப் படமே வெளியே வரும். லண்டனில் ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த அவருடைய மாணவர் நரீந்தர் சிங் கபானியும் 1954-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒளி கசிந்தது. ஒவ்வோர் இழைக்கும் ஒளிவிலகல் எண் குறைந்த வேறு கண்ணாடியால் உறை போட்டு 1956-இல் இதைத் தீர்த்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லாரி கர்ட்டிஸ் என்ற மாணவர்! அடுத்த ஆண்டு அங்கே மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழைக்கற்றையாலான கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்; சில நாட்கள் கழித்தே நோயாளிக்குக் கொடுத்தார்.

1964-இல் ஒலிம்பஸ் இழைக்கற்றையையும் தன் காமிராவையும் ஒரே குழாயில் சேர்த்தது. மருத்துவர் இனி பார்த்துப் படம் எடுக்கலாம். ஆனால் இழைகள் முறியும். முறிந்த ஒவ்வோர் இழையும் படத்தில் ஒரு கரும்புள்ளி.

இழைக்கற்றைக்கும் மாற்று வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிலிக்கான் சில்லு, ஒளியை மின்னேற்றமாக மாற்றிப் படமாக்கியது. (இதற்காக அவர்களுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.) 1983-இல் வெல்ச் ஆலின் என்ற அமெரிக்க நிறுவனம் அத்தகைய சில்லைக் குழாயின் நுனியிலேயே வைத்தது. அந்தச் சில்லுக்கு நிறம் தெரியாது. அதனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளியை அடுத்தடுத்து மாற்றிப் பாய்ச்சி, மூன்று படங்களையும் சேர்த்து வண்ணப்படம் ஆக்கினார்கள். சில்லைச் சிறிதாக வைக்க இது நல்ல உபாயம். படம் தொலைக்காட்சித் திரையில் விழுந்ததால் மருத்துவரும் உதவியாளர்களும் ஒரே சமயத்தில் பார்க்க முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒலிம்பசும் தனது திரைக் கருவியைக் கொண்டுவந்தது.

குழாயே இல்லாமல் மாத்திரை போல விழுங்கும் காமிராவும் 2001 முதல் பயனில் உள்ளது. நொடிக்கு இரண்டு படங்கள் எடுத்து வானொலி அலையில் அனுப்பியபடி, குழாய் எளிதில் எட்டாத சிறுகுடல் முழுவதும் அது பயணம் செய்கிறது. ஆனால் சந்தேகமான இடத்தில் அதனால் சதையைக் கிள்ளி எடுத்துவர முடியாது. அதற்குக் குழாய்தான் வேண்டும்.

ஜப்பானில் பொதுமக்கள் இந்தச் சோதனையை இன்றும் 'வயிற்றுக் காமிரா' என்றே சொல்கிறார்கள். உள்ளே பிலிம் இல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கைப்பேசிகள் பெருகிக் காமிரா விற்பனை சரியவே, ஒலிம்பஸ் 2021 ஜனவரியில் தன் காமிராத் தொழிலை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டது. எதற்காக 1919-இல் தொடங்கப்பட்டதோ அந்த நுண்ணோக்கிப் பிரிவையும் 2023-இல் விற்றுவிட்டது. வயிற்றுக்குள் போகும் காமிராவை மட்டும் அது விடவில்லை.