ஷிப்ட் வேலையும் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளும்

கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு பிள்ளை யாரிடம் வளரும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஓரளவு தெளிவான விடை உண்டு. எந்த நாளில், எத்தனை மணிக்கு மற்றவரைப் பார்க்கும் என்பது பெரும்பாலும் இருதரப்பின் இசைவுக்கும் நீதிபதியின் முடிவுக்கும் விடப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக அமைந்த காஞ்சிபுரம் மாவட்டப் பகுதியில், கார் முதல் கைப்பேசி வரை செய்யும் ஆலைகள் இரவு பகலாக இயங்குவதால், இந்த இரண்டாவது கேள்விதான் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கிறது.

இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று கூறினாலும், பிள்ளையின் நலனே தலையாயது என்று அதன் 13-ஆம் பிரிவு வரையறுப்பதால், தாய், தந்தை எவருக்கும் அது முற்றுரிமை ஆகிவிடாது. ஒருவர் பிள்ளையை உடன் வைத்து வளர்க்க, மற்றவர் குறித்த நாட்களில் வந்து பார்க்கவும் அழைத்துச் செல்லவும் பெறும் அனுமதி சந்திப்பு உரிமை எனப்படும். யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடர்பு உரிமை என்பதையும் இதனுடன் சேர்த்து, பிள்ளையுடன் வாழாதவர் நாள்தோறும் ஐந்து, பத்து நிமிடமாவது தொலைபேசியிலோ காணொளியிலோ பேச வழியிருக்க வேண்டும் என்றது.

இத்தகைய உத்தரவுகளில் அடிக்கடி காணப்படும் ‘இரண்டாவது, நான்காவது ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை’ என்ற வகை வாசகம், பகலில் வேலை பார்த்து ஞாயிறன்று ஓய்ந்திருக்கும் அலுவலரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே தோன்றுகிறது. சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்து, விடிந்த பின் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் தந்தை, தூங்காத கண்களோடு பத்து மணிக்குப் பிள்ளையின் முன் நிற்கிறார்; பிற்பகலில் அவர் அயர்ந்து தூங்க, பிள்ளை அவருடைய கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருப்பதும் தாளில் சந்திப்பு என்றே பதிவாகிறது. ஓ.டி. வந்துவிட்டால் அதுவும் கிடையாது. மின்னணு ஆலைகளில் பெண்களே மிகுதி. அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது என்றாலும், விடுதி அறையில் பிள்ளையோடு குடித்தனம் நடத்த இயலாது.

ஆகவே இவ்வட்டாரத்தில் கிழமையை விட்டுவிட்டு ஷிப்ட் அட்டவணையை அடிப்படையாகக் கொண்டு நேரத்தைப் பங்கிடுவதே பொருத்தம். காலை ஷிப்ட் வாரத்தில் பள்ளி விட்ட பின் மாலை நேரம், நைட் ஷிப்ட் வாரத்தில் தொலைபேசி மட்டும், தவறிய நாளுக்கு மாற்று நாள், அட்டவணை ஒட்டப்பட்ட அன்றே அதை வாட்ஸ்அப்பில் மற்றவருக்கு அனுப்பும் கடமை என்று எழுதிக்கொள்ளலாம். உற்பத்தி வரிசைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லாத ஆலை என்றால், பேசும் நேரத்தையும் அதற்கேற்பக் குறிக்க வேண்டும். இருவரும் இசைந்து எழுதிய ஏற்பாட்டைச் சமரச மையத்தின் வழியாக நீதிமன்ற உத்தரவாக்கவும் முடியும்.

சட்ட ஆணையம் 2015-இல் அளித்த 257-ஆவது அறிக்கை, பிள்ளையை இருவரும் கூட்டாக வளர்க்கும் முறையைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2013-இல், கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆண்டின் முதல் ஆறு மாதம் தந்தையிடமும் அடுத்த ஆறு மாதம் தாயிடமும் பிள்ளை இருக்க உத்தரவிட்டது. ஒரே பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இரு வீடுகளும் இருந்தாலன்றி, இந்தச் சரிபாதிக் கணக்கு பிள்ளைக்குச் சுமையே.

இங்கே வேலைக்கு வந்த பலர் பிள்ளைகளைச் சொந்த ஊரில் பாட்டி, தாத்தாவிடம் விட்டு வைப்பதால், வேறொரு சிக்கலும் எழுகிறது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் காப்பாளர் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளை திருவண்ணாமலையில் படித்துக்கொண்டிருந்தால், ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சம்பளத்தை இழந்து அங்கே போக நேரிடும்.

ஷிப்டோ வேலையோ மாறினால் பழைய உத்தரவோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், இத்தகைய உத்தரவுகள் இயல்பிலேயே இறுதியானவை அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே கூறிவிட்டது. மாற்றக் கோரி மனுப் போட வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு துணைக்கு வரும். இலவசச் சட்ட உதவிக்கு வருமான வரம்பின்றித் தகுதியுடையோர் பட்டியலில், பெண்களோடும் குழந்தைகளோடும் தொழிற்சாலைத் தொழிலாளியையும் அது சேர்த்திருக்கிறது.