உடம்பின் கடைமடை

காவிரி நீர் அரசலாற்றின் வழியே காரைக்காலை வந்தடையும்போது வயல்கள் பலவற்றைக் கடந்துவிடுகிறது. கடைமடையில் வாழும் நமக்கு இரு கவலைகள் என்றும் உண்டு. தண்ணீர் வந்து சேருமா என்பது ஒன்று. பெருமழையில் தேங்கியது வடியுமா என்பது மற்றொன்று. மனித உடம்பிலும் இத்தகைய கடைமடை ஒன்று உளது. அதுவே நம் கால்.

நம் சங்கத்து அங்கத்தினர்களில் நெசவு செய்வோர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கின்றனர். பயிர் செய்வோர் சேற்றில் நின்று நடவு நடுகின்றனர். அச்சு, விழுது, நாடா என்று தறியின் உறுப்புகளையும், மேழி, கொழு, நுகத்தடி என்று ஏரின் உறுப்புகளையும் நாம் நன்கறிவோம். அவற்றை இயக்கும் காலின் அமைப்பை மட்டும் அறியாதிருத்தல் தகுமா? உடற்கூற்று நூல் தமிழுக்குப் புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் அக்கலையைத் தமிழிலேயே கற்பித்தார்.

முதலில் பாசன வாய்க்காலைக் காண்போம். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் தமனி எனப்படும். காலுக்குரிய பெருந்தமனி அடிவயிற்றிலிருந்து தொடையிடுக்கு வழியே இறங்கி, முழங்காலின் பின்புறக் குழியைக் கடந்து, கீழே கிளைகளாகப் பிரிந்து பாதத்தை அடைகிறது. பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலின் பின்னாலும் விரல் வைத்தால் நாடித்துடிப்பை உணரலாம். புகையிலைப் புகையும் நீரிழிவும் இவ்வாய்க்காலைத் தூர்த்துவிடும். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைச்சதை வலித்து, நின்றால் வலி தணியுமாயின், கடைமடைக்கு நீர் குறைகிறது என்பதற்கு அது அறிகுறியாகலாம்.

இனி வடிகால். இரத்தத்தைத் திரும்ப மேலேற்றும் குழாய்கள் சிரைகள். உட்கணுக்காலின் முன்னே தொடங்கித் தொடையிடுக்கு வரை தோலடியே செல்லும் சிரையே உடம்பில் மிக நீளமானது. மேட்டை நோக்கி இரத்தம் ஏறுவது எவ்வாறு? சிரைகளுக்குள் ஒருவழி மதகுகள் உள்ளன. கெண்டைச்சதை சுருங்குந்தோறும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. மதகுகள் அதைத் திரும்ப விடுவதில்லை. இத்தாலிய ஆசிரியர் பாப்ரீசியஸ் 1603இல் இம்மதகுகளை விவரித்து நூல் வெளியிட்டார். அவருடைய மாணாக்கர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தின் உண்மையை விளக்கினார். அசையாது நெடுநேரம் நின்றாலும் உட்கார்ந்தாலும் இரத்தம் தேங்கும். மதகு பழுதுற்றால் சிரைகள் புடைத்துச் சுருளும். நாளடைவில் கணுக்காலருகே ஆறாப் புண்ணும் தோன்றலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்குமாயின், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துப் பிசையாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாய்க்கால்களுடன் செய்தி சொல்லும் கம்பிகளும் உண்டு. அவையே நரம்புகள். உடம்பிலேயே பருமனான நரம்பு இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு மிக அருகே செல்கிறது. நெடுநேரம் குந்தியிருந்து களை பறிப்பவர்க்கும், கால்மேல் கால் போட்டு அமர்பவர்க்கும் இந்நரம்பு நசுங்கக்கூடும். அப்போது பாதத்தை மேலே தூக்க இயலாது. நடக்கையில் கால் நுனி தரையில் இழுபடும். நெசவாளிக்கு மிதியைவிட்டுப் பாதத்தை எடுப்பதே அரிதாகும்.

நரம்பு முற்றும் உணர்விழப்பது இன்னும் கொடிது. தொழுநோயும் நீரிழிவும் அதைச் செய்ய வல்லவை. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது ஓர் உண்மையை நிலைநாட்டினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால் காயங்கள் கவனிப்பாரற்றுப் பெருகுவதே காரணம் என்றார். வலி நமக்குப் பகையன்று, காவற்காரனே என்பது இதனால் விளங்கும். முள் தைத்தும் தெரியாத கால், புண் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகிறது. சில வேளைகளில் காலையே இழக்க நேரிடுகிறது.

1823இல் பிரஞ்சு ஆட்சியினர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே ஜிப்மர். அதன் கிளைக் கல்லூரி 2016 முதல் நம் காரைக்காலில் நடைபெறுகிறது. ஆயினும் முதற் சோதனையை நாமே வீட்டில் செய்துகொள்ளலாம். வேலை முடிந்து கால் கழுவியதும், விளக்கருகே அமர்ந்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ நிறமாற்றமோ இருக்கிறதா? தொட்டால் தெரிகிறதா? குனிய முடியாத முதியோர்க்கு வீட்டிலுள்ள இளையோர் பார்த்துச் சொல்லட்டும். மணிக்கொரு முறை தறியைவிட்டு எழுந்து நாலடி நடவுங்கள். களத்தில் குந்தியிருப்போர் அவ்வப்போது எழுந்து காலை நீட்டுங்கள். பயிர் வாடும் முன்னரே வாய்க்காலைப் பார்த்து வருபவர் நாம். அதே கவனத்தை நம் கால்களுக்கும் அளிப்போமாக.