நூலும் ரசமட்டமும் சொன்ன உண்மை

ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை, அதைச் சில ஆண்டுகள் ஓட்டிய ஒருவரிடமிருந்து வாங்கினேன். பார்க்க வந்த நண்பர்கள் அனைவரும் கேட்ட முதல் கேள்வி, ‘எத்தனை குதிரைத்திறன்?’ என்பதே. சக்கரங்கள் தரையில் எவ்வாறு நிற்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை; நானும் சிந்திக்கவில்லை. முதல் பயிற்சி நாளில், இடப்பக்க வளைவுகளில் திரும்ப மறுத்த அந்தக் கார், வலப்பக்க வளைவு ஒன்றில் பின்புறம் வழுக்கி, பம்பரமாய்ச் சுழன்று மண்ணில் போய் நின்றது. காயமில்லை. ஆனால், ஒரே கார் இரு திசைகளில் இரு குணங்களைக் காட்டியது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

தமிழகத்துக்கு இந்த விளையாட்டு புதிதன்று. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வளர்ந்து, இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்த மரபு அது. கோவையின் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் வடிவமைத்த ஒற்றை இருக்கை கார்கள், நடுத்தர வசதி கொண்டவர்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்தன. நரேன் கார்த்திகேயன் 2005-இலும் கருண் சந்தோக் 2010-இலும் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கினர். இன்றும் புதியவர்கள் பலர் கைமாறிய கார்களிலேயே தொடங்குகிறார்கள். அத்தகைய காரோடு பழைய ஓட்டுநரின் எடையும் பழக்கமும் மறைந்திருக்கும் பழுதுகளும் சேர்ந்தே வருகின்றன.

சமதளமே தொடக்கம்

அளப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தேன். இணைப்பு மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் எந்த அளவும் நிலைக்காது. தேய்ந்திருந்த இரண்டு மூட்டுகளை மாற்றினேன்; பற்றவைப்புகளில் விரிசல் உண்டா என்று பார்த்தேன்; டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்தேன்.

அடுத்தது தரை. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயால் சக்கரங்கள் நிற்கும் நான்கு இடங்களின் மட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த இடங்களில் தகடுகளை வைத்தேன். தரை சமமில்லாவிடில், தரையின் பிழையை நாம் காருக்குள் ஏற்றிவிடுவோம். தொட்டியில் பாதி எரிபொருள் நிரப்பி, காரின் பக்கச்சாய்வைத் தடுக்கும் தண்டின் இணைப்பைக் கழற்றி, தலைக்கவசத்துடன் நானே இருக்கையில் அமர்ந்தேன்.

குட்டைக் கால் மேசை

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடைமேடைகளில் காரை நிறுத்தினோம். முன் இடது 108, முன் வலது 132, பின் இடது 168, பின் வலது 144 கிலோ. இடப்பக்கம் 276, வலப்பக்கமும் 276. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். மூலைவிட்டமாகக் கூட்டினால் உண்மை வெளிப்படும்: முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 300, மற்ற இரண்டும் 252. ஒரு கால் குட்டையான மேசையைப் போல, கார் இரண்டு கால்களையே கூடுதலாக ஊன்றி நின்றது. ஒரு பக்கம் திரும்ப மறுத்ததும் மறுபக்கம் வழுக்கியதும் இதனால்தான்.

ஸ்பிரிங்குகளைத் தாங்கும் திருகு வளையங்களில், கனத்த மூலைவிட்டத்தின் இரண்டைச் சிறிது இறக்கி, மற்ற இரண்டை அதே அளவு ஏற்றினோம். ஒரு மூலையைத் தொட்டால் நான்கும் மாறும். ஆகவே, ஒவ்வொரு முறையும் காரை அசைத்து, மீண்டும் எடை பார்க்க வேண்டியிருந்தது. மாலைக்குள் வேறுபாடு 2 கிலோவாகக் குறைந்தது.

கோணங்களின் கணக்கு

உயரமும் எடையும் அமைந்த பிறகே கோணங்களைத் தொட வேண்டும். உயரம் மாறினால் கோணங்களும் மாறிவிடும். சக்கரத்தின் மேல்விளிம்பு உட்புறம் சாய்ந்திருப்பதே எதிர்மறை கேம்பர். வளைவில் கார் வெளிப்புறம் சாயும்போது, வெளிச்சக்கரம் தரையில் முழுமையாகப் படிய அது உதவும். தூக்குக்குண்டு நூலே இதை அளக்கப் போதுமானது: 13 அங்குலச் சக்கரத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்.

கடைசியாக, சக்கரங்கள் பார்க்கும் திசையான டோ. காரின் இருபுறமும் அச்சின் உயரத்தில், நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டினோம். சக்கர விளிம்பின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நூலிலிருந்து உள்ள தூரங்களின் வேறுபாடே டோ. பின்சக்கரங்களின் முன்விளிம்பு சற்றே உட்புறம் திரும்பியிருந்தால் கார் நேராக ஓடும். வெளிப்புறம் திரும்பியிருந்தால் பிரேக் போடும்போது நிலைகுலையும். என் காரின் ஒரு பின்சக்கரம் 3 மில்லிமீட்டர் வெளிப்புறம் திரும்பியிருந்தது. என்னைச் சுழற்றியதில் அதற்கும் பங்குண்டு.

மறுமுறை களத்தில் இறங்கியபோது, இரு திசைகளிலும் கார் ஒரே விதமாகத் திரும்பியது. அதன் பின்னரே மாற்றங்களைத் தொடங்கினேன்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றும் குறிப்பேட்டில். டயரின் உட்பகுதி, நடு, வெளிப்பகுதி ஆகியவற்றின் வெப்பத்தை ஓட்டம் முடிந்தவுடன் அளந்தால், கேம்பர் கூடுதலா குறைவா என்பதை டயரே சொல்லிவிடும்.

பிள்ளைகளுக்குப் பந்தயக் கார் வாங்கித் தரும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இயந்திரத்தின் வலிமையைக் கூட்டச் செலவிடும் முன், ஒரு நாளை அளப்பதற்கு ஒதுக்குங்கள். நூலுக்கும் ரசமட்டத்துக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய். எடைமேடைகளை இரவலாகவும் பெறலாம். கோளாறுள்ள காரை ஓட்டும் பிள்ளை, தவறு தன்னுடையது என்றே நம்பிவிடும். நானும் சில நாள்கள் அப்படித்தான் நம்பினேன்.