தொட்டிக் கள்ளியில் வெண்பஞ்சு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடலூர், சிதம்பரம் மாடித் தோட்டங்களில் அதிகம் அவதிப்படுபவை சதைப்பற்றுள்ள செடிகள்தாம். ஜேட், எச்சிவேரியா, அடினியம், கற்றாழை எல்லாமே தண்ணீரைத் தண்டிலும் இலையிலும் சேமித்து வறட்சியைத் தாங்கப் பழகியவை. கடற்காற்றின் ஈரமும் விடாத மழையும் அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இலைக்கணுவில் வெள்ளையாகவோ இலைமேல் கறுப்பாகவோ ஏதேனும் தென்பட்டதும் பூஞ்சைக்கொல்லி வாங்கித் தெளிப்பவர்கள் பலர். பெரும்பாலும் அது வீண்செலவு.

கறுப்பின் கதை கடலூர் மாவட்டக் கரும்பு விவசாயிகளுக்குத் தெரியும். அங்குள்ள செம்மண்டலத்தில் கரும்பு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சோகை உரிக்கும்போது கணுவை ஒட்டி இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிகள் மொய்த்திருக்கும். சாற்றை உறிஞ்சும் இவை, தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றுகின்றன. அந்தக் கழிவில் வளர்வதுதான் கரும்பூஞ்சாணம். தொட்டிச் செடியிலும் நடப்பது இதுவே. இந்தப் பூஞ்சாணம் செடியைத் தின்பதில்லை. இலைக்கு வெளிச்சம் படாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும். ஒழிக்க வேண்டியது பூச்சியை. கூடவே எறும்பையும் தடுக்க வேண்டும். இனிப்புக்காக அது மாவுப்பூச்சியைக் காவல் காக்கும். செடிக்குச் செடி சுமந்தும் செல்லும்.

வெள்ளையில்தான் குழப்பம் அதிகம். எச்சிவேரியா இலை முழுவதும் சீராகப் படிந்திருக்கும் வெண்பொடி நோயல்ல. வெயிலிலிருந்து காக்க இலையே சுரக்கும் மெழுகு. அதைத் துடைக்கவே கூடாது. வட்டவட்டத் திட்டுகளாகத் தொடங்கிப் பரவினால் அது சாம்பல் நோய். இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. குண்டூசி முனையால் பஞ்சை விலக்கினால், உள்ளே வரிவரியான உடலோடு பூச்சி மெல்ல நகர்வது தெரியும்.

சப்பாத்திக்கள்ளியில் உள்ள பஞ்சை நசுக்கி ரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் அது வேறு பூச்சி: சாயப்பூச்சி. இந்தச் சிவப்புச் சாயத்துக்காகவே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு வந்து சேர்ந்ததோ தரம் குறைந்த இனம். சாயத்துக்கு உதவாத அது ஒருவகைக் கள்ளியை மட்டும் அழித்தது. தென்னிந்தியாவில் காடாகப் பரவிய வேறொரு கள்ளியை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட இன்னொரு சாயப்பூச்சிதான் அதை அடக்கியது. நிலத்தை மீட்டுத் தந்த பூச்சிதான். ஆசையாய் வளர்க்கும் தொட்டிக் கள்ளிக்கோ அது எமன்.

சிகிச்சை எளிது, பொறுமை வேண்டும். பூச்சி கண்ட செடியை உடனே தனியே வைக்க வேண்டும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டால் மெழுகு கரைந்து பூச்சி சாகும். நிறைய இருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்; வெயிலில் தெளித்தால் இலை கருகும். மெழுகு படிந்த இலைகளுக்கு இது ஆகாது. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். அப்போதும் செடி தேறவில்லையா? தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். அங்கும் வெண்பொடி இருந்தால் பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, வேரைக் கழுவி உலர்த்திப் புது மண்ணில் நட வேண்டும்.

அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆனால் அது அழுகல். தெளிப்பு எதுவும் உதவாது. சுத்தமான கத்தியால், பழுப்புப் புள்ளிகூடத் தெரியாத சதை வரும்வரை வெட்டி, மேல்பகுதியைச் சில நாள் நிழலில் காயவைத்து மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிழைக்க வாய்ப்புண்டு.

ஒரு வேண்டுகோள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதே வெண்மையில், ஆனால் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக ஓடும் ஒன்றைக் கண்டால் நசுக்காதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898இல் காப்பித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. அதன் உணவே மாவுப்பூச்சிதான். அது இருக்கும்வரை அந்தத் தொட்டிக்கு மருந்து தெளிக்க வேண்டாம்.